மூடி போட்ட பானை: குளிர்காலக் கேள்வி-பதில்

இந்தத் தடவை தபால் பையைக் கவிழ்த்துக் கொட்டியதில் முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே பாட்டுதான். குளிர் வந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் பசி கூடிவிட்டது, பர்ஸ் மட்டும் அதே பர்ஸ். நான் 22 வருடம் ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டில் நின்றவள். 140 பிள்ளைகள், இரண்டு பெரிய அடுப்பு, மாதக் கடைசியில் காலியாகிற மளிகை அறை. அங்கே கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். அதில் படித்துத் தெரிந்தது கொஞ்சம், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்தது மிச்சம்.

அக்கா, வீட்டில் ஐந்து பேர். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பல் இல்லாத மாமியார். ராத்திரிக்குக் காய்கறி சூப் வைக்கிறேன். எல்லோரும் வந்து உட்காருவதற்குள் ஆறிப்போகிறது. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் "பசிக்குதும்மா" என்று திரும்பி வருகிறார்கள். வேறு என்ன செய்வது?

வேறு எதுவும் செய்ய வேண்டாம் தங்கச்சி, சூப்பையே வையுங்கள். தண்ணீராக வைக்காதீர்கள், அவ்வளவுதான். உங்களுடைய இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே.

தண்ணீரான சூப்பில் மேலே இருப்பது ஆறியதும் கீழே இறங்கும், அடியில் இருக்கும் சூடு மேலே வரும், அதுவும் ஆறும். கிண்ணத்துக்குள் ஓயாமல் ஒரு சுற்று நடந்துகொண்டே இருக்கும். கெட்டியான சூப்பில் அந்தச் சுற்று மந்தமாகிவிடுகிறது. மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் படர்ந்திருந்தால் ஆவியும் சுலபமாகப் போகாது. விடுதியில் ஒரே வரிசையில் இரண்டும் பரிமாறியிருக்கிறேன். கடைசி பெஞ்சுப் பையன் உட்காரும்போது தெளிந்த சூப் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பருப்பு சூப்பில் அவசரப்பட்டு வாயை வைத்தவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்கு ஓடுவான்.

ஐந்து பேருக்கு 250 கிராம் மசூர் பருப்பு. ஊற வைக்கத் தேவையில்லை. அகலமான பானையில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த இரண்டு பெரிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். சிறு தீயில் 12 நிமிடம் கொடுங்கள். முதலில் கண் எரியும், பிறகு வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும். ஓரம் லேசாகச் சிவந்து, அடுப்படியைத் தாண்டி மாமியார் மூக்குக்கு வாசனை போகிறதே, அப்போது ஆறு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகம். அப்புறம் இரண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, கழுவிய பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். மூடி போட்டு 25 நிமிடம். பாதியை மத்தால் மசித்து மீதியோடு கலந்துவிட்டால் பாட்டிக்கும் சரி, பேரனுக்கும் சரி. உப்புப் பார்த்து, இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ருசிக்கு மட்டுமில்லை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கும் அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதையே கெடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

250 கிராம் பருப்பில் கிட்டத்தட்ட 60 கிராம் புரதம் இருக்கிறது. தலைக்கு 12 கிராம், அதாவது இரண்டு முட்டைக்குச் சமம். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் திரும்பி வரமாட்டார்கள். வயசானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறையும், குளிரில் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள். மாமியாருக்கு இந்தக் கிண்ணம் தண்ணீர்க் கணக்கிலும் சேரும்.

இன்னொன்று: கிண்ணங்களை வெந்நீரில் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த பீங்கான் முதல் வாய் சூட்டைத் தானே குடித்துவிடும்.

கொண்டைக்கடலை, ராஜ்மா இரண்டும் எனக்கு வேகவே மாட்டேன் என்கிறது. கேஸ்தான் தீர்கிறது. விலை குறைவு என்று வாங்கினால் செலவு அதிகமாகிறதே?

எத்தனை மணி நேரம் ஊற வைத்தீர்கள், எப்போது தக்காளி போட்டீர்கள் என்று எழுதவில்லை. தக்காளியை ஆரம்பத்திலேயே போட்டிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். புளிப்பு பட்டால் பயறு இறுகிக்கொள்ளும், மணிக்கணக்கில் கொதித்தாலும் விடாது. பயறு விரலில் நசுங்கிய பிறகுதான் தக்காளி, எலுமிச்சை எல்லாம்.

உப்பு போட்டால் வேகாது என்று சொல்வார்கள். நானும் பல வருடம் நம்பினேன். உண்மை நேர்மாறு. ஊற வைக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி உப்புப் போட்டால் தோல் மெத்தென்று ஆகிறது. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பில் இருக்கும் சோடியம் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ராத்திரி முழுக்க, 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத்தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். இத்தனைக்கும் பிறகு வேகவில்லையா? கடையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு அது. கடையை மாற்றுங்கள்.

மலைப்பகுதியில் இருக்கிறீர்களா? உயரம் 300 மீட்டர் கூடக் கூட, தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒரு டிகிரி குறைகிறது. 2,000 மீட்டரில் கொதிக்கிற தண்ணீர் 93 டிகிரிதான். அங்கே குக்கர் இல்லாமல் பயறு வேக வைப்பது தவம். குக்கருக்குள் அழுத்தத்தால் 120 டிகிரி வரை ஏறும், நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இந்தக் குக்கரின் மூதாதையை 1679இல் செய்தவர் தெனி பாப்பென் என்ற பிரெஞ்சுக்காரர். எதற்காகத் தெரியுமா? கல் மாதிரி எலும்பையும் மெத்தென்று ஆக்கி உணவாக்குவதற்காக. சிக்கனம் பார்க்கிற சமையல்காரிகளுக்கெல்லாம் அவர் பெரியப்பா முறை.

ராஜ்மாவைப் பற்றி ஒரு கண்டிப்பு. அரைகுறையாக வெந்த ராஜ்மா விஷம். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற ஒரு நச்சுப் புரதம் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும், நாலைந்து பயறே போதும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். நான் அரை மணி நேரம் கொதிக்க விடுவேன். கொதிக்காமல் இளஞ்சூட்டிலேயே நாள் முழுக்கக் கிடக்கும் மின்சார மெதுகுக்கரில் நேராகப் போடவே போடாதீர்கள், அந்தச் சூட்டில் விஷம் கூடவும் செய்யும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் "கடிக்கிற பதத்தில் இருக்கட்டுமே" என்று இறக்கிவிட்டான். அன்று ராத்திரி விடுதிக் கழிவறை வாசலில் நின்ற வரிசை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ருசி பார்க்காமல் பரிமாறச் சொன்னவள் நான்தான். பழி என்னுடையது.

தீயைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம் என்கிறார் கணவர். நான் குறைக்கச் சொல்கிறேன். யார் சொல்வது சரி?

கொதி வரும்வரை அவர். கொதி வந்தபிறகு நீங்கள்.

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் சூடாகாது. சின்னக் கொதியும் 100 டிகிரி, குதிக்கிற கொதியும் 100 டிகிரி. கூடுதல் தீ வெறும் ஆவியாகப் போகிறது, ஜன்னல் கண்ணாடியைத்தான் நனைக்கும். மூடியைப் போடுங்கள், தீயைத் தணியுங்கள். இதற்கு மேலும் ஒரு படி உண்டு. தீயை அணைத்தே விடலாம்.

கம்பளிச் சமையல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். இரண்டு உலகப் போர்களிலும் எரிபொருள் தட்டுப்பட்டபோது ஐரோப்பாவில் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை இறக்கி வைத்துச் சமைத்தார்கள். அதே வித்தை. விடுதியில் ஒரு குளிர்காலம் கேஸ் வண்டி ஒன்பது நாள் வரவில்லை, அப்போதுதான் எனக்கு இது கைவந்தது.

கைப்பிடி குட்டையான, மூடி நன்றாகப் பொருந்தும் கனமான பானை வேண்டும். முக்கால் பாகமாவது நிரம்பியிருக்க வேண்டும், பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும். ஊறிய கொண்டைக்கடலையை மூடி போட்டு 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் கம்பளியின் ஒரு பாதி. தீயை அணைத்ததும் மூடியைத் திறக்காமல் பானையை இறக்கி, அடியைத் துடைத்து, ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். கம்பளியின் மறு பாதியை மேலே போட்டு, சந்து பொந்துகளில் பழைய துணியைத் திணியுங்கள். தலையணை ஒன்று மேலே. நாலு மணி நேரம் தொடாதீர்கள்.

இந்த "தொடாதீர்கள்"தான் கஷ்டம். என் உதவியாளர் ஒருத்தி அரை மணிக்கொரு தடவை திறந்து பார்த்துப் பார்த்தே எல்லாச் சூட்டையும் வெளியே விட்டாள். மசூர் பருப்புக்கு 5 நிமிடக் கொதியும் ஒரு மணி நேரக் கம்பளியும் போதும். அரிசிக்கும் 5 நிமிடக் கொதி, முக்கால் மணி நேரம். எதுவானாலும் எடுத்தபின் ஒரு கொதி விட்டுத்தான் பரிமாற வேண்டும். உள்ளே 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும், பானையின் பக்கத்தைக் கையால் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அடுத்த தடவை கம்பளியைக் கூட்டுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ராஜ்மா என்றால் முதலில் அந்தக் கட்டாயக் கொதி முடிந்த பிறகுதான் கம்பளி.

மாமனார், குளிருக்குக் காரம் தூக்கலாக இருக்கணும் என்கிறார். அவருடைய தம்பி, ஒரு மூடி பிராந்தி போதும் என்கிறார். உடம்புக்கு எது உண்மையில் சூடு?

இரண்டும் இல்லை. மிளகாய் நாக்கில் உள்ள சூட்டு நரம்பை ஏமாற்றுகிறது, நிஜச் சூடு அங்கே ஏதும் ஏறவில்லை. வியர்க்கிறதா, அந்த வியர்வை உடம்பைக் குளிர வைக்கத்தான் வருகிறது. பிராந்தி இன்னும் மோசம். தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து கதகதப்பு மாதிரிக் காட்டிவிட்டு, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விட்டுவிடும். சாப்பாடு செரிக்கும்போது வருவதுதான் அசல் சூடு. அதிலும் புரதம் தாராளம், அது தரும் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் வரை செரிமானத்திலேயே செலவாகிச் சூடாகிறது. மாமனாருக்கு ருசிக்கு மிளகு போடுங்கள், தடையில்லை. சின்ன மாமாவுக்கு ஒரு கிண்ணம் பருப்பு சூப் ஊற்றுங்கள்.

மலிவாகக் கிடைக்கிற இறைச்சியை வாங்கினால் ரப்பர் மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரம் வேக வைத்தும் பலனில்லை.

ஒரு மணி நேரம்தான் மிக மோசமான நேரம். கால், கழுத்து, தோள் எல்லாம் உழைத்த சதை. அதில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் நிறைய. முதலில் சதை சுருங்கி இறுகும். 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் கொலாஜன் இளகி ஜெலட்டினாகும், குழம்பு உதட்டில் ஒட்டும். நீங்கள் சரியாக இறுகிய கட்டத்தில் எடுத்துவிட்டீர்கள். அடுப்பில் சின்னக் கொதியில் இரண்டரை, மூன்று மணி நேரம். அல்லது குக்கரில் 45 நிமிடம்.

துண்டு பெரிதாக இருக்கட்டும். ஒரே அடுக்காகப் பரப்பிச் சிவக்க வறுத்தபிறகு தண்ணீர். ஆறு பேருக்கு 400 கிராம் போதும், மீதிக் கனத்தை வெந்த பயறும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சுமக்கும். முதல் நாளே செய்து ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே தட்டாக உறையும். அதை வழித்து வையுங்கள், அடுத்த சூப்பின் வெங்காயத்துக்கு எண்ணெய் மிச்சம்.

குளிர்காலம்தானே, மீந்த சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்துக் காலையில் சூடாக்கித் தருகிறேன். தப்பா?

தப்புதான் அம்மா. உங்களுக்குக் குளிர்கிறது என்றால் சோற்றுக்கும் குளிர்கிறது என்று இல்லை. ஆள் நடமாடுகிற அடுப்படி 5 டிகிரிக்கு இறங்காது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து, நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவை. மீந்தால் கொட்டிவிடுங்கள். இதில் மட்டும் நான் சிக்கனம் பேச மாட்டேன்.

இரவுப் பணி முடித்து நடுராத்திரி அறைக்கு வருகிறேன். தனி ஆள். பத்து நிமிடத்துக்கு மேல் அடுப்பில் நிற்க முடியாது.

தம்பி, ஓட்ஸுக்குச் சர்க்கரையும் பாலும்தான் என்று யார் சொன்னது? அரைக் கப் ஓட்ஸ், ஒன்றரைக் கப் தண்ணீர், உப்பு, மிளகு, கையில் அகப்பட்ட கீரை. ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். தீயை அணைக்கும் முன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, முட்டை கட்டிப்படும்வரை ஒரு நிமிடம் மூடுங்கள். நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள்.

முளைவிட்ட உருளைக்கிழங்கைப் போடலாமா?

சின்ன முளை, கிழங்கு கெட்டி என்றால் முளையை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுப் போடலாம். பச்சை பூத்தது, சுருங்கியது, கசப்பது எல்லாம் குப்பைக்கு.

வாரத்தில் நாலு நாள் பயறு என்றால், "நாம என்ன அவ்வளவு கஷ்டத்துலயா இருக்கோம்?" என்று கேட்கிறான் மகன். அவமானமாக இருக்கிறது.

எத்தனை வயது? பதினைந்து பதினாறாக இருக்கும். அந்த வயதில் எனக்கு 140 பேர் இருந்தார்கள், எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். அவனுக்குப் பிடிக்காதது பயறு இல்லை, நாலு நாளும் ஒரே முகமாக வருகிற பயறு.

ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கொண்டைக்கடலையை மொத்தமாக வேக வையுங்கள். வெந்தபின் ஒரு கிலோவுக்கு மேல் வரும். அன்றைக்கு வேண்டியதுபோக, நாலு நாளுக்குள் தீருமளவு ஃபிரிட்ஜிலும் மீதி ஃப்ரீசரிலும் போகட்டும். ஒரு நாள் மசித்து, பூண்டு வதக்கி, கெட்டி சூப். இன்னொரு நாள் தண்ணீரை ஒட்ட வடித்து, அகல வாணலியில் அசையாமல் விட்டு, தோல் வெடித்து மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்து, உப்பும் சீரகப்பொடியும் தூவி, சோற்றின்மேல். மூன்றாவது நாள் தக்காளியில் கொதிக்கவிட்டு, அதிலேயே முட்டைகளை உடைத்து ஊற்றி மூடிப் போட்டது. வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சூப்புக்கு அதுதான் உடம்பு.

அவமானத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. வறுக்கிற வேலையை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பாதி கடலை தட்டுக்கு வராது.

அக்கா, போன குளிர்காலம் நீங்கள் எழுதிய கம்பளிச் சமையலைச் செய்தேன். நன்றாக வருகிறது. ஆனால் கம்பளியில் வெங்காய வாடை. கணவர் போர்த்திக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

பானைக்கென்று பழையது ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். என்னிடம் ஒரு நீலக் கம்பளி இருக்கிறது, ஓரம் கிழிந்தது. எங்கள் வீட்டுப் பூனை மற்றக் கம்பளிகளை விட்டுவிட்டு அதில்தான் போய்ப் படுக்கும்.